தண்ணீருக்கு ஓடும் மோட்டார் சாணிக் கரைசலுக்கு ஏன் திணறுகிறது?

பம்பு செட் கேள்வி – பதில்

"எங்களிடம் 8 மாடுகள் இருக்கின்றன. 3 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வெளியே வரும் கரைசலை 3,000 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் சேர்த்து வைப்போம். ஃபில்டர் பாயின்ட்டில் ஓடும் 5 ஹெச்.பி. மோனோபிளாக் பம்பிலேயே இன்னொரு சக்ஷன் பைப் இணைத்து, அந்தக் கரைசலை 300 அடி தள்ளி இருக்கும் வயலுக்கு அனுப்புகிறோம். தண்ணீர் ஓடும்போது மீட்டரில் 7 ஆம்ப்ஸ் காட்டுகிறது. கரைசல் ஓடும்போது 9 காட்டுகிறது. ஆனால் வயலில் விழுவது பாதிகூட இல்லை. ரிலே அடிக்கடி விழுந்ததால், எலக்ட்ரீஷியன் அதைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டால் என் மகன் தொட்டிக்குள் இறங்கி எடுத்துவிடுகிறான். கடைக்காரர் 7.5 ஹெச்.பி. மோட்டாராக மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

– ஒரு வாசகி, சிவபுரி, அண்ணாமலை நகர் அருகில்

அம்மா, மோட்டாரை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'என் மகன் தொட்டிக்குள் இறங்கி எடுத்துவிடுகிறான்.' இதை இன்றோடு நிறுத்துங்கள். கலனை விட்டு வெளியே வந்த பிறகும் சாணிக் கரைசலில் வாயு உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். மேலே ஏடு கட்டி, அமைதியாகக் கிடக்கும். அதைக் காலால் கலக்கினாலோ, பைப்பை அசைத்தாலோ, அடியில் சிக்கியிருந்த வாயு மொத்தமாக மேலே வரும். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள்ளேயே தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துப்போய்விடும். 'நாற்றம் போய்விட்டது' என்று நினைக்கும்போதுதான் ஆபத்து கூடியிருக்கும். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். ஐந்தடித் தொட்டிதானே என்று இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

ஃபுட் வால்வு அடைத்தால் ஆள் இறங்கக் கூடாது. வால்வுதான் மேலே வர வேண்டும். சக்ஷன் பக்கத்தில் கடைசி பத்தடிக்கு வளையக்கூடிய ஹோஸ் போட்டு, வால்வில் நைலான் கயிறு கட்டி, தொட்டியின் மேல் விளிம்பில் முடிந்து வையுங்கள். மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு, வெளியே நின்றபடியே இழுத்துச் சுத்தம் செய்யலாம். நான் கீழே சொல்லப்போகும் மாற்று வழிக்குப் போய்விட்டால், ஃபுட் வால்வே தேவைப்படாது.

இனி மோட்டாருக்கு வருவோம். 7.5 ஹெச்.பி.க்கு மாற்ற வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடைக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளலாம்.

நம் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் வேறொன்றும் இல்லை, வேகமாகச் சுற்றும் மத்துதான். நடுவில் வரும் தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு எறிகிறது. எறியப்பட்ட வேகம், சுற்றியிருக்கும் கூட்டுக்குள் அழுத்தமாக மாறி, தண்ணீரை டெலிவரி பைப்பில் ஏற்றுகிறது. இப்போது ஒரு பானைத் தண்ணீரில் மத்தைப் போட்டுக் கடைந்து பாருங்கள். கை நோகாது, தண்ணீர் சுழன்று பானை ஓரத்தில் ஏறும். அதே மத்தைக் கெட்டித் தயிரில் போட்டால் கை வலிக்கிறது, தயிரோ அசைய மாட்டேன் என்கிறது. உழைப்பு அதிகம், ஓட்டம் குறைவு. உங்கள் மீட்டர் 9 ஆம்ப்ஸ் காட்டுவதும், வயலில் பாதி விழுவதும் இதனால்தான்.

இந்தக் கெட்டித்தன்மையைத்தான் பாகுத்தன்மை என்கிறார்கள். ஓடும் பொருளின் ஒரு படலம் அடுத்த படலத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் அது. அதை அளக்க சென்டிபாய்ஸ் என்ற அளவு இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் 1. பால் ஏறக்குறைய 2. கடலை எண்ணெய் பல பத்து. விளக்கெண்ணெய் பல நூறு. தேன் ஆயிரக்கணக்கில் போகும். தண்ணீரைப்போல பத்து மடங்கு கெட்டி வரைக்கும் நம் பம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதற்கு மேல் போகப் போக, கொடுக்கும் அளவு குறையும், ஏற்றும் உயரம் குறையும், இழுக்கும் கரன்ட் கூடும். இது எவ்வளவு என்று கணக்கிட, அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட திருத்த அட்டவணையைத்தான் பம்பு கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. அப்படித் திருத்த வேண்டியிருப்பதற்குக் காரணம், பம்பின் பெயர்ப் பலகையில் இருக்கும் எண்கள் எல்லாம் தண்ணீருக்கானவை. மோனோபிளாக் பம்புக்கான நம் நாட்டுத் தர விதி ஐ.எஸ். 9079. அதன் தலைப்பிலேயே 'தெளிந்த, குளிர்ந்த நீருக்கு' என்று போட்டிருக்கிறது. சாணிக் கரைசல் தெளிந்ததும் இல்லை, நீரும் இல்லை.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். விநாடிக்கு 10 லிட்டரை 15 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால், 10-ஐயும் 15-ஐயும் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 2 ஹெச்.பி. இது தண்ணீருக்குள் போய்ச் சேரும் சக்தி. பம்பின் திறன் 60 சதவிகிதம் என்றால், மோட்டார் கொடுக்க வேண்டியது 3.3 ஹெச்.பி. அதே பம்பில் கெட்டிக் கரைசல் போனால், விநாடிக்கு 8 லிட்டர், 13 மீட்டர், திறன் 35 சதவிகிதம் என்று இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் சக்தி 1.4 ஹெச்.பி.தான். மோட்டார் கொடுப்பது 4 ஹெச்.பி. மிச்சம் 2.6 எங்கே போயிற்று? பெரும்பாலும் கரைசலைக் கூட்டுக்குள்ளேயே கடைந்து சூடாக்குவதில் போயிற்று. 7.5 ஹெச்.பி. போட்டால், இன்னும் பலமாகக் கடையும். ரிலே விழாமல் இருக்கலாம். கரைசல் கெட்டியாகவே இருப்பதும், சாணியில் இருக்கும் வைக்கோல் நார் இம்பெல்லரில் சுற்றிக்கொள்வதும் அப்படியேதான் இருக்கும்.

இலவச மின்சாரம் என்பதால், வீணாகும் யூனிட் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காயில் கட்டக் கொடுக்கும்போதுதான் தெரியும். அதனால், முதல் வேலையாக அந்த ரிலேயை மோட்டாரின் பெயர்ப் பலகையில் இருக்கும் ஆம்ப்ஸ் அளவுக்கே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். 5 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு அது ஏறக்குறைய ஏழரை. ரிலே விழுவது தொந்தரவு இல்லை, மோட்டார் உங்களைக் கூப்பிடுகிறது. வாயைக் கட்டிவிட்டால் காயில் புகைந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ரிலேயைக் கூட்டி வைப்பதை ஒரு வைத்தியமாகவே சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

நீங்கள் ஆம்ப்ஸைக் குறித்து அனுப்பியது ரொம்ப நல்ல வேலை. மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள். தண்ணீர் குறைந்து, ஆம்ப்ஸும் குறைந்தால், பம்புக்குள் சரக்கு வரவில்லை என்று அர்த்தம். ஃபுட் வால்வு அடைப்பு, சக்ஷனில் காற்று இழுப்பது, நீர்மட்டம் இறங்கியது, இப்படி ஏதாவது ஒன்று. தண்ணீர் குறைந்து ஆம்ப்ஸ் கூடினால், உள்ளே வந்தது கெட்டியாக இருக்கிறது, அல்லது இம்பெல்லர் எங்கோ உரசுகிறது, அல்லது வோல்டேஜ் குறைவு. வோல்ட் மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மூன்றாவதைக் கழித்துவிடலாம். உங்கள் மோட்டார் அதே லைனில் தண்ணீருக்கு 7 காட்டுவதால் வோல்டேஜ் கோளாறு இல்லை. கரைசல் கெட்டியாக இருப்பதும், நாரும்தான் காரணம்.

என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீர் சேருங்கள். புதுச் சாணத்தில் ஐந்தில் ஒரு பங்கு திடப்பொருள். சரிக்குச் சரி தண்ணீர் விட்டுக் கலனில் ஊற்றினால் அது 9, 10 சதவிகிதம் ஆகிறது. உள்ளே ஒரு பகுதி வாயுவாகிப் போன பிறகு, வெளியே வருவது 6, 7 சதவிகிதம் இருக்கும். அதில் இன்னொரு பங்கு தண்ணீர் விட்டால் 3, 4 சதவிகிதத்துக்கு வந்துவிடும். திடப்பொருள் பாதியானால், கெட்டித்தன்மை பாதிக்கும் மிகக் கீழே இறங்கும், அதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் லாபம். சேர்க்கும் தண்ணீர் எப்படியும் வயலுக்குத்தானே போகிறது. பதம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள், துளைக்குள் விடும் சேற்றுக் கலவையை ஒரு புனலில் ஊற்றி, எத்தனை விநாடியில் வடிகிறது என்று பார்ப்பார்கள். அவர்களுடைய புனலில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 26 விநாடியில் வடியும். உங்கள் வீட்டு மண்ணெண்ணெய்ப் புனலே போதும். தண்ணீர் எத்தனை விநாடி, வடிகட்டிய கரைசல் எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இன்னும் தண்ணீர் விட வேண்டும் என்பது என் கணக்கு.

அடுத்தது, கலக்குவது. சாணிக் கரைசலும் தயிரைப்போலத்தான். சும்மா இருந்தால் இறுகும், கடைந்தால் இளகும். இரண்டு நாள் அசையாமல் கிடந்த கரைசலை அப்படியே இழுக்கச் சொன்னால் எந்த மோட்டாரும் திணறும். வெளியே நின்றபடி நீளமான மூங்கில் கழியால் நன்றாகக் கலக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கலக்கும்போது காற்று வரும் திசையில் நில்லுங்கள், குனிந்து பார்க்காதீர்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. மார்கழிக் காலையில் ஓட்டுவதைவிட வெயில் ஏறிய பிறகு ஓட்டுங்கள். சூடு ஏறினால் பாகுத்தன்மை குறையும். தண்ணீரிலேயே 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

கலனிலிருந்து தொட்டிக்கு விழும் இடத்தில் ஒரு கம்பி வலை வைத்து நாரை வடித்துவிடுங்கள். வலையில் தங்குவது எருக்குழிக்குப் போகட்டும்.

இதையெல்லாம் செய்தாலும், அந்த 5 ஹெச்.பி. பம்பில் கரைசலை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு காரணங்கள். ஒன்று, ஃபில்டர் பாயின்ட்டும் தொட்டியும் ஒரே பம்பில் இணைந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் வால்வு கொஞ்சம் பிடிக்காமல் போனாலும், மோட்டார் நின்றதும் கரைசல் ஃபில்டர் பாயின்ட்டுக்குள் இறங்கிவிடும். கொள்ளிடக் கரையோரத்தில் மேலாகக் கிடைக்கும் தண்ணீர் அது. அக்கம்பக்கத்தில் அதைக் குடிக்கிறவர்களும் இருப்பார்கள். அந்த இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம், சக்ஷன். பம்பு தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்த அழுத்தம் ஒரு அளவோடு நின்றுவிடும், மோட்டாரைப் பெரிதாக்கினாலும் கூடாது. கெட்டிக் கரைசல் என்றால், பைப்பிலும் ஃபுட் வால்விலும் உராய்ந்தே அதில் பெரும் பகுதி தீர்ந்துவிடும். கரைசலில் கரைந்திருக்கும் வாயுவும் அந்த இடத்தில் குமிழியாகப் பிரிந்து, பம்புக்குள் ஏர் லாக் ஆகும். கூழாங்கல்லை டப்பாவில் போட்டு ஆட்டுவதுபோல் சத்தம் கேட்டிருந்தால் அது இதுதான். கரைசலுக்குள்ளேயே உட்காரும் பம்புக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அந்தப் பம்பும் எவ்வளவு பெரிது வேண்டும்? 8 மாட்டுச் சாணம் நாளைக்கு 75, 80 கிலோ. சரிக்குச் சரி தண்ணீர் சேர்த்தால் 150 லிட்டர் கரைசல். உங்கள் தொட்டி நிறைய 20 நாள் ஆகிறது. அதில் மறுபடி தண்ணீர் கலந்தாலும் 6,000 லிட்டர். விநாடிக்கு 3 லிட்டர் தள்ளினால், முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 20 நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம். இதற்கு எதற்கம்மா 7.5 ஹெச்.பி.? செப்டிக் டேங்க் இறைக்கப் பயன்படுத்துகிறார்களே, சீவேஜ் சப்மெர்சிபிள், அதில் 1 ஹெச்.பி. போதும். அதுவும் இம்பெல்லர் பம்புதான். ஆனால் இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகம், நார் சிக்காது. வாங்கும்போது ஹெச்.பி.யை மட்டும் கேட்காமல், '10 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 3 லிட்டர் கொடுக்குமா?' என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். 63 எம்.எம். பைப் போட்டால், 300 அடிக்கும் உங்கள் தொட்டி ஆழத்துக்கும் சேர்த்து அது போதும். சங்கிலி கட்டி இறக்குங்கள், சங்கிலியைப் பிடித்தே ஏற்றுங்கள், ஒயரைப் பிடித்துத் தூக்காதீர்கள். எர்த் இணைப்பும், கசிவுக் கரன்ட்டில் தானே விழும் இ.எல்.சி.பி.யும் கட்டாயம். வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரை ஓட விடுங்கள். காய்ந்த சாணி இம்பெல்லரில் சிமென்ட் மாதிரிப் பிடிக்கும்.

தொட்டி வாய்க்காலைவிட மேடாக இருந்தால், இந்தப் பம்புகூட வேண்டாம். 5 ஹெச்.பி. பம்பில் நல்ல தண்ணீரை விட்டு, அது விழும் வாய்க்காலில் கரைசலை ஒரு பைப் வழியாகச் சிறுகச் சிறுக இறக்கினால், தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும். மட்டம் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு ஒரு கேள்வி எழலாம்: ஆலையில் மொலாசஸ் கழிவுப்பாகை எப்படித்தான் தள்ளுகிறார்கள்? அங்கே மத்து வேலைக்கு ஆகாது. பற்சக்கரமோ, திருகோ கொண்ட பம்புகள், பாகைக் கவளம் கவளமாகப் பிடித்துத் தள்ளுகின்றன. திருகு பம்பை 1930-களில் பிரான்சில் மொய்னோ என்ற பொறியாளர் கொண்டுவந்தார். எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தள்ளும். ஆனால் விலை அதிகம், உள்ளே இருக்கும் ரப்பர் தேயும், டெலிவரி வால்வை மூடிவிட்டு ஓட்டினால் ஏதாவது ஒன்று வெடிக்கும். 8 மாட்டு வீட்டுக்கு அது தேவையில்லை.

"ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தேங்கும் தண்ணீரை ஆயில் என்ஜின் வைத்து வடிகாலுக்கு இறைக்கிறோம். சேற்றுத் தண்ணீர் கெட்டி என்பதால் பம்பு வீணாகுமா?"

– ஒரு வாசகர், குமராட்சி

கலங்கலாகத் தெரிவதெல்லாம் கெட்டி இல்லை. இதற்குக் கணக்குப் போட்டவர் சாதாரண ஆள் இல்லை, ஐன்ஸ்டீன். 1905-ல் தன் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வில், சிறு துகள்கள் கலந்த நீர்மத்தின் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார். அதில் ஒரு பிழை இருந்தது, 1911-ல் அவரே திருத்தினார். திருத்திய கணக்குப்படி, நூறு பங்கில் ஒரு பங்கு இடத்தைத் துகள் அடைத்துக்கொண்டால், பாகுத்தன்மை இரண்டரை சதவிகிதம் கூடும். உங்கள் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 25 கிராம் மண் இருந்தால்தான் அந்த ஒரு பங்கு வரும். களி மண் இதைவிடச் சற்றுக் கூட்டும். அப்படியும் உங்கள் என்ஜினுக்குத் தெரியாது.

பம்பை வீணாக்குவது மணல். அது இம்பெல்லர் ஓரத்தையும் வியர் ரிங்கையும் அரம்போல் தேய்க்கும். அந்த இடைவெளி கூடினால், எறிந்த தண்ணீரே திரும்பவும் இம்பெல்லர் வாய்க்கு வந்துவிடும். அடுத்த கோடையில் 'போன வருஷம் நன்றாக இறைத்ததே' என்று தேடுவது இதைத்தான். 2015 நவம்பரைப்போல மாவட்டமே மிதக்கும் நாட்களில் அவசரத்தில் சக்ஷனைத் தரையோடு போட்டுவிடுகிறோம். ஒரு பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஃபுட் வால்வு நிற்கிற மாதிரிச் செய்யுங்கள். மழை முடிந்ததும் கூட்டைத் திறந்து, வியர் ரிங்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதை மட்டும் மாற்றினாலே பம்பு பழையபடி இறைக்கும்.

"இறால் குட்டைக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிறோம். உப்புத் தண்ணீர் கனம், அதனால் பெரிய மோட்டார் வேண்டும் என்கிறார்களே?"

– ஒரு வாசகர், கிள்ளை

கனம் வேறு, கெட்டி வேறு. விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவு லேசு. ஆனால் பல நூறு மடங்கு கெட்டி. கடல் நீர் லிட்டருக்கு 1,025 கிராம் எடை. அதனால் மோட்டாருக்குக் கூடும் சுமை வெறும் இரண்டரை சதவிகிதம். பாகுத்தன்மையும் தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கூடும், பம்பு அதை உணராது. மோட்டாருக்கு வைத்திருக்கும் கூடுதல் பணத்தை இம்பெல்லரில் போடுங்கள். வார்ப்பிரும்பு இம்பெல்லர் உப்பில் அரித்துப்போகும். கன்மெட்டலோ, உப்புக்குத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேட்டு வாங்குங்கள். இறைத்து முடித்த அன்றே ஒரு குடம் நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிக் கழுவி விடுங்கள்.